நாள்பட்ட முதுகுவலிக்குப் பிஆர்பி, ஸ்டெம் செல் ஊசிகள்: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

கேள்வியின் சுருக்கம் இது: நாற்பத்தாறு வயதான ஒருவருக்கு மூன்று ஆண்டுகளாகக் கீழ்முதுகில் வலி, கால்களுக்கு இறங்குவதில்லை, நெடுநேரம் உட்கார்ந்தாலும் குனிந்து எழுந்தாலும் கூடுகிறது, எல்4-எல்5, எல்5-எஸ்1 எனப்படும் கீழ்முதுகின் கடைசி இரண்டு இடங்களில் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு) தேய்மானமும் லேசான பிதுக்கமும் இருப்பதாக எம்ஆர்ஐ அறிக்கை சொல்கிறது, பிசியோதெரபியை விட்டு விட்டுச் செய்திருக்கிறார். இப்போது ஒரு மருத்துவமனையில் முதலில் பிஆர்பி (சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவு) ஊசி, அது போதாவிட்டால் ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி என்று பரிந்துரைத்து, தேய்ந்த ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பதற்காக இதைச் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்.

தேய்ந்த ஜவ்வு மறுபடி வளரும் என்பதற்கு மனிதர்களிடம் நிறுவப்பட்ட சான்று இன்றுவரை இல்லை. வலி குறையலாம் என்பதற்கு, சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைப் பொறுத்தவரை, ஓரளவு சான்று உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் விளம்பரங்களின் சாமர்த்தியம் இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கால் பலவீனமோ மரத்துப்போதலோ சிறுநீர், மலக் கட்டுப்பாட்டில் கோளாறோ இல்லாமல், கீழ்முதுகில் மட்டும் வலியுள்ள ஒருவருக்கு அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. எனவே 'ஊசியா, அறுவையா' என்று உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் தெரிவே சரியான தெரிவு அல்ல.

எம்ஆர்ஐ அறிக்கையிலிருந்து தொடங்குவோம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருபது வயதினரிலேயே 37 சதவீதத்தினரிடம் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. நாற்பது வயதினரில் அது 68 சதவீதம், எண்பது வயதினரில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கமோ நாற்பது வயதினரில் சரிபாதிப் பேரிடம் இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். ஆகவே உங்கள் அறிக்கையில் உள்ள சொற்கள் உங்கள் வயதின் வழக்கமான தோற்றத்தை விவரிப்பவையாக இருக்கலாம். வலியின் காரணத்தைச் சொல்பவையாக இல்லாமலும் இருக்கலாம். வலியுள்ளவர்களிடம் இத்தகைய மாற்றங்கள் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தனி மனிதரின் படத்தைப் பார்த்து "வலி இங்கிருந்துதான் வருகிறது" என்று விரல் வைப்பதற்கு அது போதாது.

கீழ்முதுகில் வலியைத் தரக்கூடிய இடங்கள் பல. டிஸ்க் ஒன்று, முள்ளெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் சிறிய ஃபேசட் மூட்டுகள் ஒன்று, முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு ஒன்று, டிஸ்க்கை ஒட்டியுள்ள எலும்புப் பரப்பு இன்னொன்று. இந்த எலும்புப் பரப்பில் எம்ஆர்ஐயில் தெரியும் மாற்றங்களை, 1988இல் வகைப்படுத்திய கதிரியக்க மருத்துவரின் பெயரால் மோடிக் மாற்றங்கள் என்கிறோம். இவற்றைத் தவிர தசைகளும் தசைநார்களும் இருக்கின்றன. நெடுநாள் வலியால் நரம்பு மண்டலமே கூருணர்வு கொண்டுவிடும் நிலையும் இருக்கிறது. பெரும்பான்மையோரில் ஒரே ஒரு திசுவைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. எந்த இடத்துக்கு மருந்து செலுத்தப் போகிறார்கள், அந்த இடம்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதே ஊசி போடும் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஃபேசட் மூட்டு என்றால் அதற்குச் செல்லும் சிறு நரம்பை மரத்துப்போகச் செய்து பார்க்கும் சோதனை ஊசி உண்டு. அதில் வலி தெளிவாகக் குறையாத ஒருவருக்கு அதே மூட்டில் பிஆர்பி செலுத்துவதில் பொருள் இல்லை.

வலி டிஸ்க்கிலிருந்துதான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் திசுவின் தன்மையைப் புரிந்துகொள்ளாமல் சிகிச்சையை எடைபோட முடியாது. டிஸ்க்கின் நடுவில் நீர் நிறைந்த கூழ் போன்ற உட்கருப் பகுதியும், அதைச் சுற்றிக் கெட்டியான நார் வளையமும், மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகளும் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் உடலில் இரத்தக் குழாய்கள் இல்லாத மிகப் பெரிய திசு இதுவே. உட்கருவில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும், அந்தத் தகடுகளின் வழியே பக்கத்து எலும்பிலிருந்து மெல்லக் கசிந்துதான் வந்துசேர வேண்டும். கழிவாக உருவாகும் லாக்டிக் அமிலமும் அதே வழியில்தான் வெளியேற வேண்டும். இதனால் உட்கருவின் சூழல் எப்போதும் ஆக்சிஜன் குறைந்ததாகவும் அமிலத்தன்மை கொண்டதாகவும் இருக்கிறது. அங்கு வாழும் செல்களின் எண்ணிக்கையும் உடலின் பிற திசுக்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வயது, மரபுக் கூறுகள், புகைப்பழக்கம் ஆகியவற்றால் தகடுகளின் வழியான ஊட்டம் குறையும்போது செல்கள் சோர்கின்றன, நீரைப் பிடித்துவைக்கும் புரதங்களின் உற்பத்தி குறைகிறது, உட்கரு வறள்கிறது, வளையத்தில் கீறல்கள் விழுகின்றன, வழக்கமாக வெளி ஓரத்தோடு நின்றுவிடும் நரம்பிழைகள் அந்தக் கீறல்கள் வழியே உள்நோக்கி வளர்கின்றன.

உணவு குறைந்ததால் நலிந்த ஓர் இடத்தில் புதிதாகச் செல்களைக் கொண்டுபோய் இறக்கினால், அவையும் அதே பட்டினியைத்தான் சந்திக்கும். மறுவளர்ச்சி மருத்துவம் தோலிலும் எலும்பிலும் காட்டிய முன்னேற்றத்தை டிஸ்க்கில் காட்ட முடியாமல் இருப்பதற்கு இதுவே மூல காரணம் என்று நான் கருதுகிறேன். முயல், எலி போன்ற ஆய்வக விலங்குகளில் கிடைத்த நல்ல முடிவுகள் மனிதர்களிடம் அப்படியே வராததற்கும் இது ஒரு காரணம்: அவற்றின் டிஸ்க்குகள் மிகச் சிறியவை, ஊட்டம் கடக்க வேண்டிய தூரமும் குறைவு.

பிஆர்பி என்பது நோயாளியின் சொந்த இரத்தத்தைச் சுழற்சிக் கருவியில் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் எடுத்துச் செலுத்துவதாகும். டெங்குக் காய்ச்சலில் எண்ணிக்கை குறைகிறது என்று நாம் கவலைப்படும் அதே தட்டணுக்கள்தான். காயம் பட்ட இடத்தில் குணமாதலைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் அவற்றில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை பெரிதாக இல்லை. ஆனால் பிஆர்பி ஒரே தரமுள்ள ஒரு மருந்தல்ல. எவ்வளவு இரத்தம் எடுக்கப்பட்டது, எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் சுழற்றப்பட்டது, வெள்ளையணுக்கள் நீக்கப்பட்டனவா என்பதைப் பொறுத்து ஓர் இடத்தில் கிடைப்பதும் இன்னோர் இடத்தில் கிடைப்பதும் வேறு வேறு பொருட்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதற்கும் பங்குண்டு.

டிஸ்க்குக்குள் பிஆர்பி செலுத்துவதைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2016இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 47 பேர்; யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்து, இரு தரப்புக்கும் தெரியாமல் செய்யப்பட்டது; 8 வாரங்களில் பிஆர்பி பெற்றவர்களுக்கு, அதைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவைவிட வலியிலும் செயல்திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. அதே வினாவை மறுபடி சோதிக்க 26 பேரோடு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில் அத்தகைய நன்மை தென்படவில்லை. இரண்டுமே சிறியவை. ஃபேசட் மூட்டைப் பொறுத்தவரை, 46 பேரிடம் ஸ்டீராய்டு ஊசியோடு பிஆர்பியை ஒப்பிட்டு 2017இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு: ஸ்டீராய்டு தொடக்கத்தில் நன்றாக வேலை செய்து பிறகு தளர்ந்தது, பிஆர்பியின் பலன் ஆறு மாதம்வரை நீடித்தது. டிஸ்க்கைவிட மூட்டுகளில் பிஆர்பி செலுத்துவதை நான் சற்றுக் குறைந்த தயக்கத்தோடு பார்ப்பதற்குக் காரணம், இந்த ஆய்வைவிட, அங்கே கெடுதல் நேரும் வாய்ப்பு குறைவு என்பதுதான்.

டிஸ்க்குக்குள் நுழையும் ஊசி தன்னளவில் ஒரு காயம். டிஸ்க்கில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் டிஸ்கோகிராஃபி என்ற பரிசோதனைக்கு உட்பட்டவர்களைப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்து, 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மெல்லிய ஊசிகளே பயன்படுத்தப்பட்டிருந்தும், குத்தப்பட்ட டிஸ்க்குகள் குத்தப்படாதவர்களின் டிஸ்க்குகளைவிட வேகமாகத் தேய்ந்திருந்தன; அவற்றில் புதிய பிதுக்கங்களும் அதிகம். தேய்மானத்தைச் சரிசெய்யப் போகிற ஊசி தேய்மானத்தைக் கூட்டவும் செய்யலாம் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரத்த ஓட்டமில்லாத இடமாகையால் கிருமி உள்ளே புகுந்துவிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியும் ஆன்டிபயாட்டிக்கும் அங்கு எளிதில் சென்றுசேர்வதில்லை. பிஆர்பி செலுத்தியபின் டிஸ்க்கில் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இது அரிதாக நேர்வதே. நேர்ந்தால் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக்கும் சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

புரோலோதெரபி என்ற பெயரில் குளுக்கோஸ் கரைசலைத் தசைநார்களில் செலுத்தும் முறையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துப் பேசப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 110 பேரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், குளுக்கோஸ் பெற்றவர்களும் வெறும் உப்புநீர் பெற்றவர்களும் ஒரே அளவுக்கு நலமடைந்தனர். நாள்பட்ட முதுகுவலிக்கு இதைத் தனியாகப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்து ஸ்டெம் செல்கள். இந்தப் பெயரில் விற்கப்படுபவை குறைந்தது மூன்று வகை. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, செறிவூட்டி, அன்றே செலுத்துவது முதல் வகை. அதில் உள்ள செல்களில் எலும்பு, குருத்தெலும்புச் செல்களாக மாறக்கூடிய உண்மையான மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் நூற்றில் ஒன்றுகூட அல்ல. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவிலேயே இருக்கும். ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கிய செல்கள் இரண்டாம் வகை. முறையான மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் இவற்றைத்தான் சோதித்திருக்கின்றன. தொப்புள்கொடியிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பொருட்கள் மூன்றாம் வகை; அண்மைக்காலத்தில் எக்ஸோசோம் (செல்கள் வெளியிடும் நுண்பைகள்) என்ற பெயரும் இதோடு சேர்ந்துகொண்டது. ஒரு வகைக்குக் கிடைத்த ஆய்வு முடிவைக் காட்டி இன்னொரு வகையை விற்பது இந்தத் துறையில் சாதாரணமாக நடக்கிறது.

வளர்க்கப்பட்ட செல்களைப் பற்றிய கதை ஸ்பெயினில் நம்பிக்கையோடு தொடங்கியது. 2011இல் 10 நோயாளிகளுக்கு அவர்களின் சொந்த மஜ்ஜைச் செல்களை வளர்த்துச் செலுத்தியபோது வலி வேகமாகக் குறைந்தது. டிஸ்க்கின் உயரம் மீளவில்லை, நீர்ச்சத்து மட்டும் சற்று உயர்ந்தது. 2017இல் வேறொருவரின் செல்களை வைத்து 24 பேரிடம் செய்த ஒப்பீட்டு ஆய்வில், பலன் கண்டவர்கள் செல் பெற்றவர்களில் 40 சதவீதத்தினர் மட்டுமே. பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மெசோபிளாஸ்ட் நிறுவனம் 404 பேரிடம் மூன்றாம் கட்ட ஆய்வை, அதாவது அனுமதி கோருவதற்கு முன் செய்யப்படும் பெரிய ஆய்வை, நடத்தியது. சிலருக்கு உப்புநீர், சிலருக்கு 60 இலட்சம் செல்கள், சிலருக்குச் செல்களோடு ஹயலுரோனிக் அமிலம் என்ற கூழ். 2021இல் முடிவு வெளியானபோது, முன்கூட்டியே அறிவித்த முதன்மை இலக்கை அது எட்டவில்லை. வலி தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களிடம் வலிக்குறைவு கூடுதலாகத் தெரிந்ததால், அதை உறுதிசெய்ய இன்னொரு மூன்றாம் கட்ட ஆய்வை 2024இல் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 114 பேரிடம் நடந்து 2024இல் வெளியான மற்றொரு ஆய்விலும், செல் பெற்றவர்களுக்கும் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இடையே முதன்மை இலக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவினரும் கணிசமாக நலமடைகிறார்கள் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதுகுவலி ஏறி இறங்கும் தன்மையுடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சையைத் தேடி வருகிறார்கள், அதன்பின் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கவே செய்யும். பெரிய செலவு, நவீனக் கருவி, நம்பிக்கையோடு பேசும் மருத்துவர் எல்லாம் சேர்ந்து தரும் ஆறுதலும் வலியை உண்மையாகவே குறைக்கும். "எனக்குப் போட்டார்கள், சரியாகிவிட்டது" என்று உங்கள் உறவினர் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஊசியால்தான் சரியானது என்பதற்கு அது சான்றாகாது. செல்கள் ஏதேனும் செய்கின்றன என்றால், அவை டிஸ்க் செல்களாக மாறிக் குடியேறுவதைவிட, அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரந்துவிட்டுச் சில வாரங்களில் மறைந்துபோகின்றன என்பதே இப்போது பெரும்பாலான ஆய்வாளர்களின் புரிதல்.

இந்தியாவில் இருப்பவர் என்ற முறையில் சட்ட நிலையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய்கள் முதலானவற்றுக்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்களை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குத் தருவது ஏற்கத்தக்கதல்ல. அதன்பின் பெங்களூரில் உருவாக்கப்பட்ட ஸ்டெம்பியூசெல் என்ற தயாரிப்புக்கு, கால் இரத்த ஓட்டக் குறைபாட்டுக்கும், 2022இல் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் அனுமதி கிடைத்தது. முழங்காலுக்குக் கிடைத்த அந்த அனுமதியை முதுகுக்கும் கிடைத்ததுபோலச் சிலர் பேசுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டது ஆய்வின் ஒரு பகுதி என்றால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 முதல் அப்பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அந்த ஊசிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இலட்சங்களில் கட்டணம் கேட்டுக்கொண்டே 'ஆய்வு' என்றும் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டுப்பாடற்ற பொருட்களின் அபாயம் கற்பனையல்ல. அமெரிக்காவில் 2018இல், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து தயாரித்ததாக விற்கப்பட்ட ஊசிகளை மூட்டுகளிலும் முதுகிலும் போட்டுக்கொண்ட 12 பேருக்குப் பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டது. திறக்கப்படாத குப்பிகளிலேயே கிருமிகள் இருந்தன.

அப்படியானால் என்ன செய்வது? விட்டு விட்டுச் செய்த பிசியோதெரபியைப் 'பார்த்தாயிற்று, பலனில்லை' என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். வெப்ப ஒத்தடமும் கரண்ட் வைப்பதும் இழுவைச் சிகிச்சையும் பிசியோதெரபியின் சாரமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில், இழுவை, இடுப்புப் பட்டை, அல்ட்ராசவுண்டு சிகிச்சை, தோல் வழியே மின்தூண்டல் தரும் டென்ஸ் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. முறைப்படுத்திய உடற்பயிற்சியையும் நோய் பற்றிய தெளிவூட்டலையும் அது பரிந்துரைக்கிறது. குறைந்தது மூன்று மாதம், வாரந்தோறும் சுமையைக் கூட்டிச்செல்லும் பயிற்சி தேவை. நடைப்பயிற்சியின் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்: ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி மறுபடி வருவதற்கு இடைநிலை அளவில் 208 நாட்கள் ஆயின, மற்றவர்களுக்கு 112 நாட்கள். வலிக்கு அஞ்சி அசைவைத் தவிர்ப்பவர்களின் அச்சத்தையும் அசைவையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சை முறைக்கும், 492 பேரிடம் நடந்த 2023ஆம் ஆண்டு ஆய்வில் தெளிவான பலன் கிடைத்தது. புகைப்பவராக இருந்தால் அதை விடுவது, டிஸ்க்கின் ஊட்டத்துக்காக நீங்களே செய்யக்கூடிய ஒரு காரியம்.

இதற்கெல்லாம் முன்பாக, வேறு நோய் இல்லை என்பது உறுதியாக வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்றும் அரிதல்ல. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் அதை விலக்காமல் யாரும் ஊசியை எடுக்கக் கூடாது. நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கிய வலி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடந்தால் குறைந்து ஓய்வில் கூடுவது என்றிருந்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை அழற்சி நோயாக இருக்கலாம். உங்கள் வலி நாற்பத்து மூன்றில் தொடங்கியது என்பதால் இதைக் கேட்டுவிடுங்கள். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் முடிந்து, ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி அன்றாட வாழ்வை முடக்குகிறது, சோதனை ஊசியில் ஃபேசட் மூட்டோ சாக்ரோஇலியாக் மூட்டோ காரணம் என்று தெரிகிறது என்றால், ரேடியோ அலை மூலம் அந்த மூட்டுக்குச் செல்லும் நரம்பைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையைப் பற்றியும், அதற்கு மாற்றாகப் பிஆர்பி பற்றியும் பேசலாம். டிஸ்க்குக்குள் பிஆர்பி செலுத்துவதற்கு நான் ஒப்புவது இன்னும் குறுகிய சூழலில்தான்: டிஸ்க்கின் உயரம் பெரும்பாலும் குறையாமல் இருக்க வேண்டும், ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், சான்று பலவீனமானது என்பதை அறிந்து நோயாளியே விரும்ப வேண்டும். இரண்டு டிஸ்க்குகளில் தேய்மானம் உள்ள நீங்கள் இப்போதைக்கு அந்த வரையறைக்குள் வரவில்லை. ஸ்டெம் செல் ஊசியைப் பதிவுபெற்ற, கட்டணமில்லாத ஆய்வில் அன்றிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பின்னாளில் எந்த ஊசியைப் போட்டுக்கொண்டாலும், எக்ஸ்ரே வழிகாட்டலுடன், அறுவை அரங்கின் தூய்மையில்தான் செய்துகொள்ள வேண்டும். இரத்தத்தை மெலிதாக்கும் மருந்துகள், ஆஸ்பிரின், வலி மாத்திரைகள் எதையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் வலி கூடுவது இயல்பு. ஆனால் ஒரு வாரம் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனால், காய்ச்சலோ குளிரோ வந்தால், புரண்டு படுக்க முடியாத அளவுக்கு முதுகு இறுகினால், ஊசி வேலை செய்வதன் அறிகுறி என்று யார் சொன்னாலும் காத்திருக்காமல், அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் செய்து தொற்று இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.